அறுபத்தோராம் பக்கம்

டாண்டினாங். ஜூலை. இரண்டாம் பாடவேளை.
ஹீட்டர் இருமிக்கொண்டிருந்தது.
வெளியே மைதானத்தில்
கடலைத் தொலைத்துவிட்ட கடற்பறவைகள்
யாரோ எறிந்த சிப்ஸுக்குச் சண்டை.

மிஸஸ் பாப்படாகிஸ் பலகையில் எழுதினார்:
திருப்புமுனை எங்கே? துணிவு எங்கே?
ஆதாரத்தோடு காட்டுக.

எல்லாருக்கும் தெரியும் எங்கே என்று.
நூற்று நாற்பத்து மூன்று.
படகுக்காரி வெள்ளத்தில் இறங்குகிற இடம்.
அட்டைப்படமே அதுதான்:
அலை, துடுப்பு, பறக்கிற கூந்தல்.
அந்த வரிகளுக்கு நான் மஞ்சள் அடித்திருந்தேன்.
முன்வரிசை முழுக்க மஞ்சள்.

நிரூபன் கை தூக்கினான்.
மார்ச்சில் வந்து சேர்ந்தவன்.
தன் பெயரைச் சொல்லவே நாலு தரம் முயல்பவன்.
அந்த முதல் எழுத்தில் அவன் நிற்பதை
மதியச் சாப்பாட்டு மேசையில்
நடித்துக் காட்டியிருக்கிறேன்,
நன்றாகவே.

வாய் திறந்தான்.
கதவு சாத்திக்கொண்டது.
மிஸஸ் பாப்படாகிஸ் சொல் எடுத்துக் கொடுக்கவில்லை,
கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
மார்க்கர் அவர் கையில் காய்ந்துகொண்டிருந்தது.
பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள்.
பிறகு என்னைப் பார்த்தார்கள்,
நான் தொடங்குவேன் என்று.
குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன்,
ஏற்கெனவே கட்டியிருந்த கயிற்றை.

அறுபத்தொன்று, என்றான் கடைசியில்.
ஆலைக்காரன் பொய்யை எழுதி நீட்டுகிறான்,
கையெழுத்துக் கேட்கிறான்.
அவள் பேனாவுக்கு மூடியைப் போட்டு
மேசையில் வைக்கிறாள்.
ஒரே ஒரு வரி, மிஸ்.
அதுக்குப் பிறகு வெள்ளம் வெறும் தண்ணிதான்.

இவ்வளவுக்கும் மூன்று நிமிடம் பிடித்தது.
பிறகு, புத்தகங்கள் பின்னோக்கிப் புரளும் சத்தம்.
என்னுடையதில் அந்தப் பக்கத்தில்
ஒரு பொட்டு மஞ்சள் இல்லை.
ரோல்ஸ் சாப்பிட்ட விரலின் எண்ணெய் மட்டும்,
ஓரத்தில்.

நவம்பரில் பரீட்சை.
அதே கேள்வி, வேறு சட்டை.
இரண்டு வரிசை தள்ளி அவன் முதுகு,
நிற்காமல் ஓடுகிற முழங்கை.
தாளில் அவனுக்குத் திக்குவதில்லை.
எனக்குத்தான் திக்கியது.
அறு என்று தொடங்கி, வெட்டி,
நூற்று நாற்பத்து மூன்று என்று எழுதினேன்.
வெள்ளத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.
(பத்துக்கு ஒன்பது வந்தது.)

எழுதி முடித்து
மூடியைத் தேடினேன்.
இது அமுக்குகிற பேனா.
க்ளிக் என்றது, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி.
மேற்பார்வையாளர் நிமிர்ந்து
யார் என்று பார்த்தார்.