வாய்க்கு எட்டும் உயரம்

கோண்டாவிலில் இந்த வீட்டை எடுத்தபோது
கிணற்றைப் பார்த்தோம், கூரை ஓட்டைப் பார்த்தோம்,
மின்மானியின் எண்ணைக்கூடக் குறித்துக்கொண்டோம்.
வளவில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்க்கவில்லை.
அபிசனா அப்போது தவழத் தொடங்கவில்லை.

இப்போது தவழ்கிறாள்.
செருப்பு வார், சவர்க்காரத் துண்டு, ஒரு கட்டெறும்பு,
தகப்பனின் மோட்டார்சைக்கிள் திறப்பு,
எல்லாம் ஒருமுறை அவள் வாய்க்குள் போய் வந்தவை.
அதனால் நானும் முழங்காலில் நின்று
அவளுடைய உயரத்தில்
வீட்டை ஒருமுறை சுற்றிவந்தேன்.

விறாந்தையில் வெள்ளைப் புள்ளி போட்ட பெரிய இலைச் செடி.
நேர்சரிக்காரன் 'ஃபொறின் குறோட்டன்' என்று விற்றானாம்.
கடித்தால் நாக்கு வீங்கிப் பேச்சு நின்றுவிடும்
என்கிறாள் பாமசியில் என்னோடு நிற்கும் றெஜினோல்டா.
பேச்சே இன்னும் தொடங்காத பிள்ளைக்கு.

குளிர்சாதனப் பெட்டிக்கு மேல்
ஹோர்லிக்ஸ் போத்தலில் மணி பிளான்ட்.
காசு வரவில்லை, இலைதான் வந்தது,
அவள் கைக்கு ஒரு சாண் மேலே தொங்குகிறது.
அடுத்த மாதம் அந்தச் சாணும் இராது.

பின்வேலிக் கம்பியில் குன்றிமணி
காய் வெடித்துக் கிடக்கிறது.
களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாய் வைக்கலாம்.
இவளுக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது.
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிப் பால்மா ரின்னில் போட்டு மூடினேன்.
குலுக்கினால் கிலுகிலுப்பைச் சத்தம்.
சத்தம் கேட்டு ஓடி வருகிறாள், நாலு காலில்.

கேற்றடியில் மஞ்சள் அலரி.
அதைச் சனிக்கிழமை தறித்தேன்,
நிமலரூபன் வேலைக்குப் போன பிறகு,
கையுறை போட்டு, தேங்காய் வெட்டும் கத்தியால்.
பால் வடிந்தது.
அன்றைக்கு முழுக்க
பால் என்கிற சொல் வீட்டுக்குள் வாயில் வரவில்லை.

மறுநாள் விடிய வழக்கமான சைக்கிள் ஒழுங்கையில் நின்றது.
வைரவர் கோயிலுக்குக் கேட்காமல் பூப் பறிக்கிறவர்
கட்டையைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார்,
"ஒரு செவ்வரத்தையாவது நட்டுப்போட்டு வெட்டியிருக்கலாம்"
என்று பெடலை மிதித்தார்.

இரவு ஸ்காபரோவிலிருந்து வீட்டுக்காரர்.
கேற்றில் அவர் பூட்டிய கமெரா எனக்கு மறந்துபோயிருந்தது.
"பிள்ளை, அலரி எங்கை?"
சொன்னேன்.
முற்பணத்தில் கழிப்பார் என்று நினைத்தேன்.
அந்தப் பக்கம் யாரோ பனி வாரும் சத்தம்.
பிறகு,
"நல்லது. நான் தறிச்சிருக்கவேணும்,
எண்பத்தெட்டிலை, தங்கச்சி இருக்கேக்குள்ளை.
அம்மா விடேல்லை. சாமிப் பூவாம்."

நான் ஒன்றும் கேட்கவில்லை.
வாடகையை எந்தத் திகதியில் போடுவது என்று
இருவரும் கொஞ்ச நேரம் கதைத்தோம்.

இனிக் கிணற்றடி.
மழைக்கு முந்தி அங்கே வெறும் கிளுவை வேலி.
இப்போது அதைப் பிடித்து ஒரு கொடி ஏறியிருக்கிறது,
இலை நுனியே சுருண்டு விரலாகி.
மேல்நோக்கி எரிகிற ஆறு இதழ்,
அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு.
றெஜினோல்டாவின் பட்டியலில் இதுதான் முதலாவது.
கிழங்கு, விதை, தண்டு,
எதையும் நம்பாதே என்று கீழே கோடு போட்டிருந்தாள்.

மண்வெட்டியோடு போனேன்.
கார்த்திகை மாதம்.
நிமலரூபன் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.
அவனுடைய அண்ணனின் படம் ஒன்று
அலுமாரிக்குள் இருக்கிறது, சேலைகளுக்கு அடியில்,
கண்ணாடி போடாமல்.
வருடத்தில் ஒரு பின்னேரம் வெளியே வரும்.

"இதையுமோ?" என்றான்.
அவ்வளவுதான் கேட்டான்.

எனக்குத் தெரியும், ஒரு செடிக்கு
யாருடைய பெயரும் தெரியாது.
நஞ்சு நஞ்சுதான்.
மண்வெட்டியை ஓங்கவும் செய்தேன்,
ஒரு முறை,
பக்கத்து மண்ணில்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாய்
கிணற்றடியைச் சுற்றிக் கோழிவலை அடித்தோம்.
என் நெஞ்சளவு உயரம்.
கீழ்விளிம்பை ஒரு முழம் மண்ணுக்குள் இறக்கி,
கல் வைத்து மிதித்து.
சரியா செய்தது என்று இன்னும் தெரியவில்லை.
றெஜினோல்டாவிடம் சொல்லவில்லை.

அபிசனா வலைக்கு இந்தப் பக்கம் குந்தியிருக்கிறாள்.
பூவை அவள் பார்க்கவேயில்லை.
கம்பியைக்
கடித்துப் பார்க்கிறாள்.