சிவப்பு மை

திருத்தத்தைச் சிவப்பு மையில்தான் எழுத வேண்டும்.
பதினாலு நாளில் எழுதாவிட்டால்
அனுமதித்த உத்தரவே செத்துப்போகும்.
இன்று பன்னிரண்டாம் நாள்.
உத்தமபாளையத்தில் மூன்று கடை ஏறினேன்,
எல்லாரிடமும் நீலம்தான்.
நாலாவது கடைக்காரர்
வாத்தியார்களுக்கு எடுத்துவைத்த டப்பாவைப் பிரித்து
ஒரு பேனா தந்தார்.
"என்ன தம்பி, பேப்பர் திருத்தவா?"
ஆமாம் என்றேன்.
பொய் இல்லை.

வாதி: ஞானசௌந்தரி, திராட்சை வியாபாரம், ராயப்பன்பட்டி.
பிரதிவாதி: கட்டப்பனையில் அச்சாகும்
'ஏலமல சப்தம்' நாளிதழின் வெளியீட்டாளர்.
செய்தியில் அந்தம்மா பெயர் இல்லை, படம் இல்லை.
பச்சைக் கூடையில் குமுளி ஏறும் பன்னீர் திராட்சை
'விஷமாணு' என்று நாலு பத்தி.
பச்சைக் கூடை
இந்தப் பக்கம் ஒருவருக்குத்தான்.

முதல் பிராதை நான்தான் டைப் அடித்தேன்.
மலையாளம் தெரிந்த ஒருத்தர் வாசித்துச் சொல்லச் சொல்ல
"விஷம் இருக்கலாம் என்று செய்தி வெளியிட்டு" என அடித்தேன்.
இருக்கலாம்.
அந்த ஒரு 'லாம்'-ஐப் பிடித்துத் தொங்கிக்கொண்டே
கரையேறப் பார்த்தார்கள் எதிர்த்தரப்பில்:
"சந்தேகம் எழுப்புவது பத்திரிகையின் கடமை, கனம் கோர்ட்டார் அவர்களே."

அதற்கப்புறம்தான் வக்கீல் நைனார் முகமது
அந்தம்மாவை உட்காரவைத்துக் கேட்டார்,
உங்கமேல அவங்களுக்கு என்ன கோபம்?

மின்விசிறி நாலு சுற்று சுற்றியது.

விளம்பரம் கேட்டு போன் பண்ணுனான்.
முழுப் பக்கம், ஓணத்துக்கு.
முடியாதுன்னேன். மறுநாளும் பண்ணுனான்.
அப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டேன்.
என்ன வார்த்தை?
வேணாங்க. பூசைக்குப் போற வாயி.

ஆய்வறிக்கை ஒன்பதாம் தேதி அவர்கள் மேசைக்குப் போனது:
குறை ஏதுமில்லை.
பதினொன்றாம் தேதி விஷம்.
நடுவில் ஒரு பத்தாம் தேதி இருக்கிறது.
புதிதாகச் சேர்க்கும் பத்தி 7-அ முழுக்க
அந்தப் பத்தாம் தேதிதான்.

"முதலிலேயே ஏன் சொல்லவில்லை?" என்றார் நீதிபதி.
வக்கீல் விதியின் எண்ணைச் சொன்னார்.
பின்பெஞ்சிலிருந்து அந்தம்மா எழுந்து
"கூச்சமா இருந்துச்சுங்கய்யா" என்றார்.
அது பதிவாகவில்லை.
மனு அனுமதிக்கப்பட்டது.
செலவுத்தொகை ஆயிரத்தைந்நூறு, எதிர்த்தரப்புக்கு:
உண்மையைத் தாமதமாகச் சொன்னதற்கு
பொய் சொன்னவனிடம் கட்டும் அபராதம்.

ஏழாம் பத்தியில் 'இருக்கலாம்' மீது கோடு இழுக்கிறேன்.
மேலே, சிவப்பில், 'ஆகும்'.
பன்னிரண்டாம் பத்தியோரம் வக்கீலின் பென்சில்:
'விஷச் செய்தி' என்பதை 'விஷமச் செய்தி' ஆக்கு.
ஒரே ஒரு ம.
ஷவுக்கும் ச்-க்கும் நடுவே காக்கைக்கால் குறி போட்டு
மேலேற்றி எழுதுகிறேன்.
நிப்பு இடறி, மையின் வயிறு கொஞ்சம் உப்பிவிட்டது.

இனி வழக்கு இந்த ம மேல்தான் நிற்கும்.
பொய் என்பதற்கு அறிக்கை இருக்கிறது.
நஷ்டத்துக்குச் சீட்டுகள் இருக்கின்றன:
நாலு டன், குமுளியில் திருப்பிய லாரியின் வாடகை,
இறக்குக் கூலி.
(ஆடுகளும் தின்று சலித்து விலகிய பழத்துக்குச் சீட்டு இல்லை.)
பத்தாம் தேதி ராத்திரி ஒருவன் மனதுக்குள்
என்ன ஓடியது என்பதற்கு
யாரிடம் சீட்டு வாங்குவது?

சாயங்காலம் கையெழுத்துப் போட வந்தார்,
ஒரு பச்சைக் கூடையோடு.
வக்கீலுக்குக் கொத்தைத் தூக்கியபோது அடியில் விரித்திருந்தது
பழைய மலையாளப் பேப்பர்.
எனக்கு வாசிக்கத் தெரியாது; ஆனால்
ஒரு வருஷமாகக் கட்டில் வைத்துத் தூக்கிய தலைப்பு,
அந்த வளைவுகள் தெரியும்.

நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.
"இதுதான் கிலோ பதினெட்டுக்குக் கிடைக்குது.
பழத்துல மை ஒட்டாது."

ஒவ்வொரு சிவப்பின் ஓரத்திலும் கையெழுத்துப் போட்டார்.
ம-வின் பக்கத்தில் மட்டும்
முழுப் பெயரையும் எழுதினார்.
பிறகு மணி கேட்டார்:
விடியறதுக்குள்ள மூவாயிரம் கிலோ மலை ஏறணும்.