மின்வெட்டில் 127

எட்டு மணிக்குப் போய்விட்டது கரண்ட்.
நான்காம் கட்டம். பத்தரைக்கு வரும் என்கிறது அட்டவணை,
வந்தால் வந்ததுதான்.
மடிக்கணினியின் பேட்டரி செத்து இரண்டு வருடம்.
பத்தொன்பது நாளாய் அது மென்றுகொண்டிருந்த எண்
பாதி வாயில் நிற்கிறது.

அந்த எண்ணை நான் முழுதாய்ப் பார்த்ததில்லை.
மூன்று கோடிக்கும் மேல் இலக்கங்கள்.
பக்கத்துக்கு மூவாயிரமாய் அச்சடித்தாலும்
பதினோராயிரம் பக்கம் போகும்.
இரண்டை இரண்டால் பெருக்கிப் பெருக்கி
கடைசியில் ஒன்றைக் குறைத்தால் அது.
வால் இலக்கம் ஏழு என்பதை மட்டும்
விரல்விட்டு எண்ணிப் பிடித்தேன்.
கேள்வி ஒன்றுதான்: பகுபடுமா, படாதா?

மெழுகுவர்த்தி வாங்க வந்த கோகி நாயக்கர்
"படாவிட்டால் எவ்வளவு தருவார்கள்?" என்றாள்.
படாமலிருக்கட்டும் முதலில் என்றேன்.
"ஃப்ரிட்ஜில் மீன் இருந்தால் அதைப் பார்."

அவள் போனதும்
மின்கட்டண ரசீதின் முதுகில்
என் வீட்டு எண்ணைச் சோதித்தேன்.
127. ஏழு இரண்டுகளின் பெருக்கலில் ஒன்று குறை.
அதே குடும்பம், அதே ஏழு வால்.

நாலில் தொடங்கு.
தன்னைத் தன்னால் பெருக்கு, இரண்டைக் கழி,
127ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்.
பதினாலு.
அறுபத்தேழு.
நாற்பத்திரண்டு. இங்கே மெழுகு சொட்டி
இலக்கம் மூடியது, திரும்பப் போட்டேன்.
நூற்றுப் பதினொன்று.
அதன் வர்க்கம் பன்னிரண்டாயிரத்து முந்நூற்று இருபத்தொன்று;
இரண்டு போக, வகுக்க,
தொண்ணூற்றேழு முறை சரியாகப் போய்
பூச்சியம்.

டர்பன் தையல் ஆலையில் சம்பளப் பட்டியல் போடுகிறவள் நான்.
பெயருக்கு நேரே பூச்சியம் வந்தவர்
வெள்ளிக்கிழமை என் சன்னலைத் தட்டுவார்.
இங்கே பூச்சியம் வந்தால்
யாராலும் இதைப் பங்கு போட முடியாது என்று அர்த்தம்.

கேட்டோ மேனரிலிருந்து லாரியில் ஏற்றி
சாட்ஸ்வர்த்தில் இறக்கியவர்கள்,
தோலைப் பார்த்துத் தெருவைப் பகுத்தவர்கள்,
பகாத எண் ஒன்றை
எங்கள் கதவில் ஆணியடித்துப் போயிருக்கிறார்கள்.
தெரிந்து செய்திருக்க மாட்டார்கள்.
கோகி வீட்டுக்கு 125: ஐயைந்து இருபத்தைந்து, அதை மறுபடி ஐந்தால்.
அங்கே இப்போது மூன்று குடும்பம்.

பத்து ஐம்பதுக்கு வெளிச்சம்.
விட்ட படியிலிருந்து கணினி எடுத்துக்கொண்டது.
இன்னும் ஒன்றே முக்கால் கோடிப் படிகள்.

நாலாம் நாள் காலை, பஸ்ஸுக்கு நேரமாகையில்,
திரையில் பூச்சியம் இல்லை. ஏதோ ஒரு மீதி.
பகுபடும்.
எதனால் என்று சொல்லாது, இந்தச் சோதனை அப்படித்தான்.
உடையும் என்று சொல்லும்,
உடைப்பவர் பெயரைச் சொல்லாது.

அடுத்த எண்ணை ஏற்றிவிட்டு
ரசீதைக் கட்டப் போனேன்.
கவுன்டர்ப் பெண் புரட்டினாள், மெழுகை நகத்தால் சுரண்டினாள்,
பின்பக்கமே முத்திரை குத்தினாள்:
பூச்சியத்தின் மேல்,
கொஞ்சம் சாய்வாக.