சார்பு

சிலிம் ரிவர் ஆலை, எடைமேடைக் கொட்டகை,
இரவு ஒன்றரை.
செம்பனைக் குலையோடு பதினோரு லோரிகள்
பெரிய சாலை வரை நிற்கின்றன.
பழத்துக்குப் பொறுமை கிடையாது.
வெட்டிய நாழியிலிருந்தே உள்ளே
அமிலம் ஏறத் தொடங்கிவிடும்.

எடை விழுகிறது, எண் திரையில் நிற்கிறது,
கோலாலம்பூர் சர்வருக்குப் போகமாட்டேன் என்கிறது.
இணைப்புத் தோல்வி.
ஏனென்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால்
என்ன குறைந்தா போய்விடும்?

ஐந்து நாளாகக் கோலாலம்பூரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.
அங்கே விங் சியோங் என்றொருவன்,
முகம் தெரியாது, மரியாதைக்காரன்,
தவறாமல் பதில் போடுகிறான்:
எங்கள் பக்கம் எல்லாம் நலம்.
நலம் விசாரிக்கவா நான் எழுதினேன்?

இன்றிரவு ஒன்பது வரியில் ஒரு சார்பு எழுதினேன்.
அதை நான் கூப்பிடமாட்டேன்.
பெயரை மட்டும் நூலகத்திடம் கொடுத்து வைத்திருக்கிறேன்,
செய்தி ஒன்று கடக்கும்போதெல்லாம்
அதுவே கூப்பிட்டுக்கொள்ளும்.
பூட்டுவதற்கு ஒரு கணம் முன்னால்,
திறந்ததற்கு ஒரு கணம் பின்னால்
அங்கே நிற்கும்.
தடுக்காது. திருத்தாது.
திருப்பித் தருவதற்கும் அதனிடம் ஒன்றுமில்லை.
சார்பு என்று பேர்,
யார் பக்கமும் சாராது.

ஓட்டினேன்.
ஒன்று: வணக்கம்.
இரண்டு: பதில் வணக்கம்.
பதினொன்று: சான்றிதழ், மூவாயிரத்துச் சொச்சம் பைட்.
கைகுலுக்கல் பாதியில் நிற்க,
கடைசியாக இரண்டே இரண்டு பைட்.
2. 42.
சாகும்படியான எச்சரிக்கை. சான்றிதழ் சரியில்லை.

பார்த்தாயா, என்றேன், அவன் பக்கம்தான்!
விங் சியோங்குக்குக் கடிதம்
பாதி வரை சூடாகவே வந்துவிட்டது.

கார்பன் தாள் தீர்ந்து
ஒரே ரசீதை இரண்டு முறை எழுதிக்கொண்டிருந்த
கிராணி பவளேந்திரன்
தலை நிமிராமல் கேட்டார்:
"அந்த நாற்பத்திரண்டு, அவன் சொன்னதா, நாம சொன்னதா?"

சார்புக்கு வரும் முதல் மதிப்பே அதுதான்.
போகிறதா, வருகிறதா.
ஒன்பது வரியில் அதை மட்டும்
நான் அச்சிடவில்லை.
தேவைப்படும் என்று தோன்றவேயில்லை.

பத்தாவது வரி சேர்த்தேன்.
வணக்கம், ஒன்று. பதில், பூஜ்யம்.
சான்றிதழ், பூஜ்யம்.
எச்சரிக்கை:
ஒன்று.

ஒன்று என்றால் எழுதியது நாம்.
ஐந்து நாளாக மறுத்தது
இந்தக் கொட்டகை, இந்த மேசை,
என் முழங்காலை உரசும் இந்தப் பெட்டி.

கடிகாரத்தைப் பார்த்தேன்.
இரண்டாயிரமாம் ஆண்டு, ஜனவரி ஐந்து.
போன வார இடியில் மின்சாரம் போனபோது
உள்ளேயிருந்த காசளவு பேட்டரியும் போயிருக்கிறது.
வந்து நின்ற சான்றிதழ் பிறக்க
இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் இருக்கிறது.
பிறக்காதவன் கையை எப்படிக் குலுக்க,
நியாயமாகத்தான் கேட்டிருக்கிறது பெட்டி.

புதன்கிழமையே லோரிக்காரன் குகநேசன்
சன்னலில் ரசீதை நீட்டினான்:
"அக்கா, இந்தத் தேதியில நான் பொறக்கவே இல்ல."
எல்லோரும் சிரித்தோம்.
நானும்தான்.

தேதியைக் கையால் நகர்த்தினேன்.
பெட்டி ஒரு நொடி யோசித்தது.
பிறகு கைகுலுக்கல் முழுசாக முடிந்து
எடைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.
எத்தனை டன் என்று சார்புக்குத் தெரியாது.
மூட்டையின் மேல்சீட்டு, ஐந்து பைட்,
அது மட்டும்தான் அதன் கண்ணுக்கு.
ஒன்று. ஒன்று. பூஜ்யம். ஒன்று.
வெளியே முதல் லோரி உறுமியது,
அப்புறம் இரண்டாவது.

பேட்டரி மூன்றரை ரிங்கிட்,
கடை எட்டரைக்குத்தான் திறக்கும்.
அதுவரை யாரும் சுவிட்சில் கை வைக்கக்கூடாதென்று
பவளேந்திரன் ஒட்டுத்தாள் ஒட்டினார்,
மலாயில் ஒன்று, தமிழில் ஒன்று.

பாதிக் கடிதம் திரையில் இன்னும் சூடாறாமல் இருந்தது.
முழுக்க அழித்தேன்.
விங் சியோங், எங்கள் பக்கம்,
என்று தொடங்கிவிட்டு
ரொம்ப நேரம் நின்றேன்.