நீலத் தொட்டிக்குக் கீழே

வல்பராய்சோ, பிப்ரவரி, மாலை ஐந்து நாற்பது.
ஒன்று மூன்று இரண்டை யார் அழுத்தினாலும்
என் காதில் விழும்.

முதல் அழைப்பு: புகை.
இரண்டாவதும் புகைதான், வேறு நிறம்.
பதினோராவது ஆள் எதுவும் சொல்லவில்லை;
பின்னால் யூகலிப்டஸ் வெடிக்கும் ஓசை மட்டும்,
சோளம் பொரிவது போல.

தெற்குக் காற்று.
தென்றல் என்று அதை எந்த வாயால் சொல்வது?

எங்கள் தீயணைப்பாளர்களுக்குச் சம்பளம் கிடையாது.
வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு போனவர்களில்
ஒருவர் பல் மருத்துவர்.
பாதி அடைத்த கடைவாய்ப் பல்லோடு ஒருவரை
நாற்காலியிலேயே விட்டு வந்திருந்தார்.
"மேலே தண்ணீர் இல்லை," என்றார் ரேடியோவில்.
"குழாயைத் திறந்தால் காற்று வருகிறது. அதுவும் சூடாக."
என் ஜன்னல் நிறைய பசிபிக்.

ஆறரைக்குக் கடற்படை வந்தது.
லெப்டினன்ட் இபாசேத்தா எதிர் மேசையில்
வரைபடத்தை விரித்தார். கசங்காத வரைபடம்.
குன்று முழுக்கச் சதுரங்கள், சதுரத்துக்கு ஓர் எண்.
எண்ணைச் சொன்னால்தான்
ஹெலிகாப்டர் வாளியைக் கவிழ்க்கும்.
"எந்தச் சதுரம்?"

லொய்க்கா குன்றில் சதுரம் ஏது?
பாதித் தெருவுக்குப் பெயரே இல்லை.
அனுமதியில்லாமல் கட்டிய வீட்டுக்கு
எந்த நகராட்சி எண் தரும்?
அங்கிருந்து பேசுகிறவர்கள் இப்படித்தான் சொல்வார்கள்:
நீலத் தொட்டிக்குக் கீழே.
நோல்பெர்த்தோ ரொட்டிக்கடை தாண்டி, நாய் குரைக்குமே, அந்தப் படி.
எங்க வீடு பச்சை. இல்லையில்லை,
போன வாரம் மஞ்சள் அடிச்சோம்.

இபாசேத்தா மறுபடி கேட்டார். குரலை உயர்த்தவில்லை.
அதுதான் எனக்குக் கோபம்.

ஒரியெட்டா என்றொரு பெண் இணைப்பில் இருந்தாள்.
நடக்க முடியாத தம்பி, சக்கர நாற்காலி, நூற்று நாற்பது படி.
நீலத் தொட்டி, நீலத் தொட்டி என்றாள்.
அந்தக் குன்றில் எத்தனை நீலத் தொட்டி என்று
எனக்குத் தெரியாது. அதை அவளிடம் சொல்லவில்லை.

வாசலில் காவல் நின்ற சிப்பாய் தலையை நீட்டினான்.
பத்தொன்பது வயதிருக்கும். சட்டைப் பட்டையில் ஹுவெஞ்சுமான்.
"பிளாஸ்டிக் தொட்டியா, தகரமா?"
லெப்டினன்ட் பார்த்த பார்வையில்
ஒரு வாரத் தண்டனை இருந்தது.
நான் ஒரியெட்டாவிடம் கேட்டேன்.
தகரம்.
"அப்போ ஹெரால்தோ வீட்டுத் தொட்டி.
படி வேண்டாம். பின்னால ஓடை காஞ்சு கிடக்கும்,
பந்து பொறுக்க இறங்குவோம்."
துப்பாக்கி எண்ணெய் படிந்த விரல்
வரைபடத்தில் ஊர்ந்து நின்றது.
"நாற்பத்தேழு," என்றார் லெப்டினன்ட் மெதுவாக,
குழந்தைக்குப் பெயர் வைப்பது போல.

அதன்பிறகு அவன் வாசலுக்குத் திரும்பவில்லை.
அதை யாரும் குறிப்பேட்டில் எழுதவும் இல்லை.
அவன் வழி சொன்னான், அவர் எண்ணாக்கினார், நான் அனுப்பினேன்.
பல் மருத்துவர் ஓடை வழியே ஏறினார்.
நான்கு கடற்படையினர் சக்கர நாற்காலியை விட்டுவிட்டு
தம்பியைப் போர்வையில் தூக்கி வந்தார்கள்.
எல்லாரையும் அல்ல.
முப்பத்தொன்றாம் சதுரத்தில் ஓர் இணைப்பு அறுந்தது.
அந்த ஃபோனை நான் இன்னும் கீழே வைக்கவில்லை.

இரண்டரை மணிக்குத் தீ அறுபத்திரண்டில் ஏறியது.
அவன் விரல் அங்கே போய் அசையாமல் நின்றது.
"இங்கே என்ன?"
"வீடு," என்றான்.
யாருடையது என்று இபாசேத்தா கேட்கவில்லை.
தன் தெர்மாஸிலிருந்து காபி ஊற்றி
அவன் பக்கமாக, வரைபடத்தின் மேலேயே வைத்தார்.
கோப்பை எடுத்த இடத்தில்
ஒரு பழுப்பு வட்டம். பல சதுரங்களுக்குக் குறுக்கே.

விடிந்ததும் காற்று கடலுக்குத் திரும்பியது.
ஜன்னல் மூடியிருந்தும் மேசை முழுக்கச் சாம்பல்.
ஏழு பத்துக்கு ஓர் அழைப்பு: இன்னும் புகைகிறதாம்.
எங்கே என்றேன்.
"ரொட்டிக்கடை இருந்துச்சே,"
குரல் கொஞ்சம் நின்றது,
"அதுக்கு மேலே."

திரும்பிப் பார்த்தேன்.
அவன் ஏற்கெனவே விரலை வைத்திருந்தான்.