விலக்கு நாள்

புதுச்சத்திரம் தாண்டி உள்ளே மூன்று கிலோமீட்டர்.
நான்கு கொட்டகை, நாற்பதாயிரம் கோழி.
எத்தனை முட்டை, எத்தனை சாவு,
எத்தனை மூட்டைத் தீவனம் என்று
கணக்கெழுதுகிறவள் நான்.
கோழிகளின் முகம் எனக்குத் தெரியாது.

சித்திரை வெயிலில்
மூன்றாம் கொட்டகை சளிபிடித்துக் கரகரத்தது.
ராத்திரி மின்விசிறி நின்றால்
பத்தாயிரம் தொண்டையும் சேர்ந்து மாவரைக்கும்.
கம்பெனிப் பையன் பைக்கில் வந்தான்.
குடிதண்ணீர்த் தொட்டியில் மஞ்சள் மருந்து, ஐந்து நாள்.
சாவு நாற்பதிலிருந்து ஆறுக்கு இறங்கியது.
நான்தான் எழுதினேன்,
சந்தோஷமாகவே எழுதினேன்.

டப்பாவின் முதுகில் எறும்பு எழுத்தில் ஒரு வரி:
மருந்து நிறுத்திப் பத்து நாள் விலக்கு.
அதுவரை முட்டை மனிதர் உண்ண ஆகாது.

விலக்கு என்ற சொல்லைப் பன்னிரண்டு வயதில் கற்றேன்.
தனித் தட்டு, தனிப் பாய், மாட்டுக் கொட்டாய் ஓரம்.
வாக்கப்பட்ட வீட்டிலும்
மாமியார் விரல் மடக்கி எண்ணுவார்.
மூன்றாம் நாள் பொழுது சாயுமுன்
ஊறுகாய் ஜாடிப் பக்கம் போனால் போதும்,
கெட்டுப்போச்சு என்பார்.
ஒருநாளும் கெட்டதில்லை.

பண்ணாடியிடம் டப்பாவைக் காட்டினேன்.
"பத்து நாள் முட்டையை என்ன பண்றதுங்க?"
அங்கமுத்து கெட்டவர் இல்லை.
என் பிரசவத்துக்குக் கார் அனுப்பியவர்.
சிரித்தார்.
"அதெக் கோழிகிட்டச் சொல்லு அம்மிணி,
பத்து நாளைக்குப் போடாம இருக்கச் சொல்லு."
அன்றைய விலை செல்போனில் வந்திருந்தது,
இருபது பைசா ஏற்றம்.
லாரி பின்பக்கமாக வந்து நின்றது.

கீறல் விழுந்தவை லாரி ஏறாது.
அவை எங்களுக்கு.
ஒரு நாள் ஏழெட்டு, ஒரு நாள் பன்னிரண்டு.
தாரணிகாவுக்கு மஞ்சள் கரு உடையாமல் வேண்டும்,
மிளகு மேலே, உப்பு ஓரத்தில்.

ஆடியில் அவளுக்குக் காய்ச்சல்.
மூத்திரம் போகையில் அழுதாள்.
ஒரு மருந்து, இன்னொரு மருந்து,
இறங்கி இறங்கி ஏறியது.
பரமத்தி ரோட்டு ஆஸ்பத்திரியில்
மூன்று நாள் கிருமியை வளர்த்துப் பார்த்து
ஒரு தாள் கொடுத்தார்கள்.
இடப்பக்கம் மருந்துகள், வலப்பக்கம் ஒற்றை எழுத்து.
ஆர். ஆர். ஆர். எஸ். ஆர்.
ஆர் என்றால் கிருமி மசியாது என்றார் டாக்டர்.

பட்டியல் வாசிக்க எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.
மூன்றாவது வரி எங்கள் தீவன அறையில்
மூட்டையாக இருக்கிறது.
முதல் வரி, மஞ்சள் மருந்தின் பங்காளி,
பெயரில் வால் ஒன்றே.
"இது கோழியிலிருந்து வருமாங்க?"
"வரலாம். வேறெதிலிருந்தும் வரலாம்.
எங்கிருந்து வந்தேன்னு கிருமி சொல்லாதும்மா."
நேர்மையான மனிதர்.
அதனால் எனக்கு ஒரு உதவியும் இல்லை.

எஸ் போட்டிருந்த மருந்து, ஏழு நாள் ஊசி.
பிள்ளை தேறினாள்.
கண்ணுபட்டிருக்கும் என்று
மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டார்.

ஐப்பசி அடைமழையில் இரண்டாம் கொட்டகை கரகரத்தது.
பதிவேட்டில் இல்லாத ஒரு கட்டத்தை
ஸ்கேல் வைத்துப் போட்டேன்.
தலைப்பு, சிவப்பு மையில்: விலக்கு.
பண்ணாடி பார்த்தார்.
அழிக்கச் சொல்லவில்லை.
லாரியையும் நிறுத்தச் சொல்லவில்லை.

கீறல் முட்டையை அன்று நான் தொடவில்லை.
எரு அள்ளுகிற பாவாயி கேட்டாள்,
"உனக்கு வேண்டாம்னா எனக்குக் குடக்கா,
வூட்ல ரெண்டு பசங்க."
எனக்கு வாயில் வந்தது இவ்வளவுதான்:
"விலக்கு. இன்னிக்கு ரெண்டாம் நாள்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.
"அதுக்கென்னக்கா,
கீழ வெச்சுட்டுத் தள்ளி நில்லு,
நா எடுத்துக்கறேன்" என்று
முந்தானையை விரித்தாள்.