வரி 18,652

குத்தாயிசி, இரவு ஒன்றே கால்.
மகப்பேறு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
சலவை அறைக்கும் ஆக்ஸிஜன் உருளைகளுக்கும் நடுவே
பழைய சர்வர் மூச்சு வாங்குகிறது.
புதியது திபிலிசியில். நான் பார்த்ததில்லை.
நான்கு எண்கள், நடுவே மூன்று புள்ளிகள்:
எனக்குத் தெரிந்த முகம் அவ்வளவுதான்.

கறுப்புத் திரையில் ஒரே வரி அடிக்கிறேன்.
இடப்பக்கம், இங்கிருந்து எடு.
வலப்பக்கம், அங்கே துடைத்துவிட்டுக் கொட்டு.
நடுவில் ஒரு நெட்டுக்கோடு. குழாய் என்பார்கள்.
நாற்பத்தோராயிரத்து முந்நூற்று ஏழு பிள்ளைகள்
அந்தக் கோட்டின் வழியே போக வேண்டும்.
இரண்டு முகவரியும் இடம் மாறினால்
காலியானது வந்து நிறைந்ததைத் துடைத்துவிடும்.
சுக்திதியில் ஒருவன் அப்படிச் செய்துவிட்டு
இப்போது டாக்ஸி ஓட்டுகிறான்.
ஆகவே வாய்விட்டுப் படிக்கிறேன், இரண்டு தரம்,
மருந்துச் சீட்டைப் படிக்கும் கம்பவுண்டர் போல.

என்டர்.

ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் நல்ல செய்தி.
வேலை ஆகிக்கொண்டிருந்தால் இந்தத் திரை பேசாது;
மௌனம் சம்மதம் என்று சொன்னவர்
இதைத்தான் பார்த்திருக்க வேண்டும்.
பீன்ஸ் பூரணம் வைத்த ரொட்டி ஆறிப்போய்விட்டது.
மாடியில் ஒரு பெண் கத்துகிறாள்.
பிறகு கத்துவது வேறு ஆள். புது ஆள்.
பொறு, பதிவேட்டை நான் பூட்டி வைத்திருக்கிறேன்.

பதினோராவது நிமிடம் திரை வாய் திறந்தது.
பிழை. பெயர் என்ற பத்தி காலியாக இருக்கலாகாது.
வரி 18,652.
அங்கே எண்ணிப் பார்த்தேன்: பூஜ்ஜியம்.
ஒருத்தியை வாசலில் நிறுத்திவிட்டார்கள் என்று
முன்னால் போன பதினெட்டாயிரம் பேரும்
திரும்பி வந்துவிட்டார்கள்.

பழைய சர்வரில் அவளைத் தேடினேன்.
பிப்ரவரி 1993. பெண். இரண்டு கிலோ நூறு.
நேரம் 4:10. தாய் லமாரா, வயது பத்தொன்பது.
குறிப்பு: மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் விளக்கு.
பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.
வீட்டுக்குப் போன தேதியிலும்.

மல்காஸை எழுப்பினேன்.
"தெரியாது என்று போட்டுவிடு, குலிகோ."
கொட்டாவி. "இல்லாவிட்டால் அந்த ஒன்றை விடு.
நாற்பத்தோராயிரத்தில் ஒன்று. யார் எண்ணப் போகிறார்கள்?"
நான். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
தெரியாது என்பதும் ஒரு பெயராகிவிடும், மல்காஸ்,
யாராவது ஒருநாள் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

புதிய அட்டவணையை வரைந்தவன் அவன்தான்.
பெயர் கட்டாயம் என்று அவன் எழுதிய வாரம்
அவனுக்கு மகள் பிறந்திருந்தாள்;
வயிற்றில் இருந்தபோதே பெயர் வைத்தாகிவிட்டது.
கொஞ்ச நேரம் அவன் பக்கமும் சத்தமில்லை.
தளர்த்து, என்றான்.

ஒரு வரியில் கட்டாயம் போயிற்று.
மறுபடி அந்தக் கட்டளை, மறுபடி வாய்விட்டு இரண்டு தரம்,
மறுபடி அந்தக் கோடு.
எங்கள் எழுத்தில் பெரியது சிறியது கிடையாது,
எல்லாப் பெயரும் ஒரே உயரத்தில் நடந்து போகும்.
அவளும் நடுவில் எங்கோ, கைவீசிக்கொண்டு.

நான்கு மணிக்கு எண்ணினேன்.
இங்கே 41,307. அங்கே 41,307.
எனக்கு அது போதவில்லை.
அந்த வரியை இரண்டு பக்கமும் திறந்தேன்.
பிப்ரவரி. இரண்டு கிலோ நூறு. மண்ணெண்ணெய் விளக்கு.
பெயர்: இங்கே இல்லாதது
அங்கேயும் இல்லாமல் இருந்தது,
இம்மி பிசகாமல்.

பழையதை அணைத்துவிடலாமா என்று கேட்டு எழுதியிருந்தான்.
திங்கள் வரை ஓடட்டும்.
பூட்டைத் திறந்ததும் மாடியிலிருந்து நர்ஸ் எக்கா கூப்பிட்டாள்:
எடை இருக்கிறது, நேரம் இருக்கிறது,
பெயர் மட்டும் இன்னும் வைக்கவில்லையாம்,
அப்பனும் ஆத்தாளும் சண்டை, பதிய முடியுமா?

முடியும் என்றேன்.
காலியாக விடு, எடுத்துக்கொள்ளும்.